மூன்று சகலைகள் செய்த அலமாரி

கோணங்குடிக்காரர்களைப் பற்றி வெளியூரில் நாலு விதமாகப் பேசுவார்கள். நம்ப வேண்டாம். சொன்ன சொல்லை அப்படியே கேட்டு நடக்கிற ஜனங்கள் அந்த ஊர்க்காரர்களைப் போல வேறெங்கும் கிடையாது. 'கொஞ்சம் இருங்க, இந்தா வந்துர்றேன்' என்று சொல்லிவிட்டுப் போன ஒரு விருந்தாளிக்காக மூன்று வருஷமாக ஒரே பெஞ்சில் மாற்றி மாற்றி உட்கார்ந்திருக்கிற குடும்பம் இன்னும் அங்கே இருக்கிறது. சொன்னவன் மறந்தாலும் கேட்டவன் மறக்கக் கூடாது என்பது அவர்கள் கொள்கை.

அந்த ஊரில் தாண்டவராயன் என்று ஒருவர். தேங்காய் மண்டியில் எடை போடுவது உத்தியோகம். தச்சுச் சாமான் வாங்குவது ஆசை. கத்தரிக்காய் வாங்கச் சந்தைக்குப் போனால் அரத்தோடு வருவார். வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த மாட்டுத் தொழுவத்துக்குப் 'பட்டறை' என்று பேர் வைத்து, வாசலில் ஒரு பெயர்ப்பலகையும் மாட்டியிருந்தார். பன்னிரண்டு வருஷத்தில் அந்தப் பட்டறைக்கென்று செய்யப்பட்ட ஒரே பொருள் அந்தப் பெயர்ப்பலகைதான். அதையும் பஜாரில் கொடுத்துத்தான் செய்தார்.

பட்டறை நிறைந்த பிறகு சாமான்கள் மெல்ல வீட்டுக்குள் குடியேறின. அரிசிப் பானைக்குள் உளி இருந்தது. உளுந்து டப்பாவில் ஆணி இருந்தது. ஒருமுறை சாப்பிட வந்த உறவுக்காரர் ஒருவர் சாம்பாரில் கிடந்த உருண்டை அரத்தை முருங்கைக்காய் என்று நினைத்து நெடுநேரம் மென்றார். கொஞ்சம் முற்றல் என்று மட்டும் சொன்னார். நல்ல மனுஷர்.

தாண்டவராயனின் மனைவி பவளக்கொடி இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். ஆனால் ஒரு சனிக்கிழமை காலையில், பொங்கி வழிந்த பாலை இறக்க ஓடினவள், அடுப்படி நிலைப்படியில் கிடந்த ரம்பத்தின் மேல் காலை வைத்துவிட்டாள். கட்டுப் போட்ட காலோடு பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று சொன்னாள்.

"இங்க பாருங்க. ஒரு அலமாரி செஞ்சு அத்தனை சாமானையும் அதுக்குள்ள வைங்க. வர்ற வெள்ளிக்கிழமை பதினோரு மணி பஸ்சுல வருவேன். ஒரே ஒரு சாமான் அலமாரிக்கு வெளிய என் கண்ணுல பட்டுச்சோ, வந்த பஸ்சுலயே திரும்பிருவேன். அப்பறம் நீங்களாச்சு, உங்க சுத்தியாச்சு."

பவளக்கொடி சொன்னால் செய்கிறவள். வெளியூர்க்காரி; அந்தப் பக்கமெல்லாம் பிடிவாதம் கொஞ்சம் அதிகம்.

அவள் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அவள் திட்டுவதை வைத்துத்தான் தாண்டவராயன் மணி பார்ப்பது வழக்கம். பல் தேய்க்கச் சொல்லித் திட்டினால் ஏழு, குளிக்கச் சொல்லித் திட்டினால் எட்டு, மண்டிக்குக் கிளம்பவில்லையா என்றால் ஒன்பது. ஞாயிற்றுக்கிழமை அவர் பல் தேய்க்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவளை நினைத்து அழவும் செய்தார். எத்தனை மணிக்கு அழுதார் என்பதுதான் அவருக்கே தெரியவில்லை.

அவருக்கு ஒன்று என்றால் ஓடி வர இரண்டு சகலைகள் இருந்தார்கள். பவளக்கொடியோடு பிறந்த தங்கைகள் இரண்டு பேரும் அதே கோணங்குடிக்குத்தான் வாக்கப்பட்டிருந்தார்கள். மூன்று பெண்ணைப் பெற்று மூன்றையும் ஒரே ஊரில் கொடுத்த அந்தத் தகப்பனார் முற்பிறவியில் என்ன செய்தாரோ, அது நமக்கு வேண்டாம்.

இரண்டாவது சகலை மாசிலாமணி, ஊராருக்கு மனு எழுதிக் கொடுக்கிறவர். யோசிக்கும்போது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார். கீழே இறக்கி யாரும் பார்த்ததில்லை. மூன்றாவது சகலை உலகப்பன், மாவு மில்லில் மூட்டை தூக்குகிறவர். சொன்னதைச் செய்வார். சொல்லாததையும் பலமாகச் செய்வார்.

"கடையில ஒரு பீரோ வாங்கிட்டா என்ன?" என்று உலகப்பன் கேட்டார்.

மாசிலாமணி கண்ணாடியை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றினார். "மதினி என்ன சொன்னாங்க? 'அலமாரி செஞ்சு'ன்னாங்களா, 'வாங்கி'ன்னாங்களா?"

"செஞ்சுன்னுதான் சொன்னா" என்றார் தாண்டவராயன்.

"அப்ப வாங்கினா அது வேற வீட்டுக்காரங்க மதினியோட உத்தரவு. நம்ம மதினி உத்தரவு செய்யறதுதான்."

இந்த நுட்பம் மற்ற இருவருக்கும் தோன்றவே இல்லை. அன்றைக்கே கந்தப்ப ஆசாரிக்குப் போன் போட்டார்கள். ஆசாரி கெட்டிக்காரர், ஆனால் எங்கேயோ ஒரு தேர் வேலையில் இருந்தார். மாசக் கடைசி வரை நகர முடியாது. மரக்கடைக்கு அளவு சொல்லி ஆறு பலகையையும் கச்சிதமாக அறுத்து அனுப்பச் செய்தார். "இழைச்சு, சேத்து ஆணி அடிக்கிற வேலைதான் பாக்கி. சின்னப் பிள்ளைகூடச் செஞ்சிரும். நான் போன்ல சொல்லச் சொல்ல அப்படியே செய்யுங்க" என்றார்.

அப்படியே செய்யுங்க என்று கோணங்குடிக்காரர்களிடம் சொன்னது அவர் செய்த தப்பு. இன்னொரு சங்கடமும் இருந்தது. வேலை நேரத்தில் ஆசாரி வாயில் நாலைந்து ஆணியைக் கடித்துக்கொண்டிருப்பார். அதனால் ரெண்டு மூணு வரிக்கு மேல் பேசமாட்டார்.

திங்கட்கிழமை பலகை வந்து இறங்கியது. மாசிலாமணி போன் போட்டார்.

"இழைப்புளிய எடுத்து நல்லா இழைங்க. கை வச்சா வழுக்கணும்" என்று சொல்லி ஆசாரி போனை வைத்துவிட்டார்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இழைக்கிற புளி" என்று மாசிலாமணி பிரித்துப் பொருள் சொன்னார். "கல்லுல சந்தனம் இழைக்கிறோமில்ல? அந்த மாதிரி மரத்துல புளி இழைக்கணும். பித்தளைக்குப் புளி போட்டாப் பளபளன்னு வருதுல்ல? மரத்துக்கும் அதேதான்."

"பழைய புளியா, புதுப்புளியா?" என்று கேட்டார் உலகப்பன்.

இது நியாயமான கேள்வி. அரைமணி நேரம் பேசினார்கள். கடைசியில் தாண்டவராயன்தான் முடிவு சொன்னார். "புளி மரத்துல காய்ச்சது. மரத்துக்கே திரும்பப் போகுது. அதுல பழசென்ன, புதுசென்ன?"

பவளக்கொடி வருஷத்துக்கென்று உப்புப் போட்டு வைத்திருந்த பானைப் புளி முழுவதும் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. உட்காரும் இடத்தில் ஒரு கட்டை இடைஞ்சலாகக் கிடந்தது. அடியில் இரும்பு நாக்கு நீட்டிக்கொண்டிருந்த கட்டை. நாலு வருஷத்துக்கு முன் தாண்டவராயன் ஆசைப்பட்டு வாங்கியது. பேர் என்னவென்று கேட்க மறந்துவிட்டார்; கேட்டிருந்தால் கடைக்காரர் 'இழைப்புளி' என்று சொல்லியிருப்பார். அதைக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுத்துவிட்டுப் புளி இழைக்க உட்கார்ந்தார்.

முதலில் கை வழுக்கவில்லை, ஒட்டியது. தண்ணீர் விட்டார்கள். அதன் பிறகு பலகையும் வழுக்கியது, தரையும் வழுக்கியது. சாயந்திரம் ஆசாரியே கூப்பிட்டார்.

"இழைச்சாச்சா? வழுக்குதா?"

"உலகப்பன் ரெண்டு தடவை விழுந்துட்டாரு ஆசாரியாரே."

"பலே" என்றார் ஆசாரி.

மறுநாள் வந்த உத்தரவு இன்னும் பெரியது. "தடிச்ச பலகை நாலும் சட்டத்துக்கு. மொதல்ல சட்டத்தப் போட்டு, நாலையும் மூலைக்கு மூலை ஆணி அடிச்சுச் சேருங்க. சட்டம் கோணலா இருந்தா ஒண்ணும் நிக்காது, பாத்துக்கங்க."

மாசிலாமணிக்கு உடம்பு சிலிர்த்தது. முப்பது வருஷமாக அடுத்தவர் போட்ட சட்டத்துக்குக் கீழே நின்று மனு எழுதினவர். தானே சட்டம் போடுகிற காலம் ஒன்று வரும் என்று அவர் நினைத்ததே இல்லை. வீட்டுக்குப் போய் வெள்ளை வேட்டி மாற்றிக்கொண்டு, கையில் கறுப்புப் பெயின்டும் பிரஷுமாக வந்தார்.

"ஆசாரி சும்மா சொல்லல" என்றார். "சட்டம் இல்லாத எடத்துல எது நின்னிருக்கு?"

முதல் பலகையில், பட்டறைக்குள் யாரும் யாரையும் முட்டாள் என்று சொல்லக் கூடாது என்று எழுதினார். வெளியே போய்ச் சொல்லலாமா என்று உலகப்பன் கேட்டார். அதற்குத் தனிச் சட்டம் வேண்டும், பலகை போதாது என்று பதில் வந்தது. இரண்டாவது பலகையில் காலையில் ஒரு காப்பி, சாயந்திரம் ஒரு காப்பி. இது உலகப்பன் கொண்டுவந்தது; விவாதமில்லாமல் நிறைவேறியது.

மூன்றாவது பலகையைத் தாண்டவராயன் கேட்டு வாங்கிக்கொண்டார். சாமான் எதுவும் அலமாரிக்கு வெளியே இருக்கக் கூடாது. இருந்தால் பவளக்கொடி பஸ் ஏறிவிடுவாள்.  மாசிலாமணி 'பஸ் ஏறிவிடுவாள்' என்பதற்கு அடியில் இரண்டு கோடு போட்டார்.

நாலாவது சட்டத்துக்கு யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. நெடுநேரம் யோசித்து, 'மேற்படி மூன்று சட்டங்களும் சட்டங்களே' என்று எழுதி முடித்தார்கள். பிறகு நாலு பலகையையும் மூலைக்கு மூலை வைத்து ஆணி அடித்தார்கள். உலகப்பன் அடித்ததில் பாதி அடி ஆணியில் விழுந்தது. மீதி பாதிக்குத் தாண்டவராயனின் விரல் பொறுப்பேற்றுக்கொண்டது. எப்படியோ, ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கிற உயரத்துக்கு ஒரு கூடு எழுந்து நின்றுவிட்டது. கோணங்குடியில் இப்படித்தான், வழியெல்லாம் தப்பாகப் போவார்கள், ஊருக்குச் சரியாகப் போய்ச் சேருவார்கள்.

"சட்டம் போட்டாச்சா?" என்று ஆசாரி கேட்டார்.

"நாலும் ஏகமனதாப் போட்டாச்சு."

"உறுதியா இருக்கா?"

"யாராலயும் மீற முடியாது."

ஆசாரிக்குத் திருப்தி. போனை வைக்கிற அவசரத்தில் அடுத்ததையும் சொல்லிவிட்டார். "உள்ள மூணு அறை வைங்க. மேல ஒண்ணு பெரிசா, கீழ ரெண்டு சின்னதா. உறுதியா வைக்கணும்."

"யாருக்குங்க வைக்கணும்?" என்று மாசிலாமணி கேட்டார்.

"என்னய்யா கேள்வி இது? அலமாரி யாருக்கு? அவருக்குத்தான்."

போன் வைக்கப்பட்டது.  உலகப்பன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். அது மூட்டை தூக்கிக் காய்த்த கை.

"இது அவசியமா சகலை?" என்று தாண்டவராயன் கேட்டார்.

"எனக்கும் மனசு கேக்கல" என்றார் மாசிலாமணி. "ஆனா அலமாரி செய்யறதுன்னா சும்மாவா? அந்தக் காலத்துல கோட்டை கட்டினா பலி குடுப்பாங்களாம். நம்ம ஆசாரி மூணு அறையோட விடுறாரேன்னு சந்தோசப்படுங்க."

தாண்டவராயன் கூட்டுக்குள் போய் நின்றார். கண்ணை மூடிக்கொண்டார். 'பவளம் வரட்டும். அவளுக்காக இது கூடத் தாங்கமாட்டேனா' என்று நினைத்துக்கொண்டார். மேலே ஒன்று பெரிதாக விழுந்தது. கீழே தொடையில் இரண்டு சின்னதாக விழுந்தன. உலகப்பன் கண்ணில் தண்ணீர். தாண்டவராயன் கண்ணில் அதைவிட அதிகம்.

அன்றைக்குச் சாயந்திரம் ஆசாரி விசாரித்தார். "அறை வச்சாச்சா? எதுவும் ஆடலையே?"

"கடவாய்ப் பக்கம் ஒரு பல்லு மட்டும் ஆடுது."

வாய் நிறைய ஆணியோடு இருந்த ஆசாரி, பலகைகளைக் கோக்கிற பல்லைச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். "ஆடினா ஒரு ஆப்பு வச்சு அடிங்க, நின்னுரும்."

அதற்கு மட்டும் தாண்டவராயன் சம்மதிக்கவில்லை. பவளக்கொடி வந்து பார்த்துச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

புதன்கிழமை பின்பலகையைப் பொருத்தும்போது அது உள்ளே போக மறுத்தது. ஆசாரியிடம் முறையிட்டார்கள். எவ்வளவு இடிக்கிறது என்று கேட்டு, "ரெண்டு நூல் எடுத்துட்டு உக்கார வைங்க" என்றார்.

நூல் என்பது தச்சர்கள் கணக்கில் ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அது நமக்குத் தெரியும், ஆசாரிக்குத் தெரியும். சகலைகள் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அதில் ஒரு நூலும் ஒட்டியிருக்கவில்லை.

"பலகையில நூல் ஏது? வேட்டியிலதான் இருக்கும்" என்று மாசிலாமணி கண்டுபிடித்தார். அவருடையது சட்டம் போட்ட வேட்டி. அதில் கை வைக்க முடியாது. வீட்டுக்காரர் வேட்டியில் எடுத்தால் வந்து பார்க்கிற மதினி கோபிப்பாள். ஆகவே உலகப்பன் வேட்டியில் இரண்டு நூல் எடுக்கப்பட்டது. முதல் நூல் சுலபமாக வந்தது. இரண்டாவது நூல் வர ஆரம்பித்து நிற்கவே இல்லை. முழங்கால் வரை வேட்டி போன பிறகு மாசிலாமணி அதைப் பல்லால் கடித்து நிறுத்தினார்.

"இப்ப உக்கார வைக்கணும்" என்றார் தாண்டவராயன்.

கூட்டைக் கவிழ்த்து, பின்பலகையை மேலே வைத்து, உலகப்பனை அதில் உட்கார வைத்தார்கள். ஒரு தடவை குதித்து உட்கார்ந்தார். பலகை 'டக்' என்று உள்ளே இறங்கிச் சிக்கிக்கொண்டது.

"பாத்தீங்களா, ரெண்டே நூல்!" என்று மாசிலாமணி வியந்தார். "தொழில் தெரிஞ்சவங்க தொழில் தெரிஞ்சவங்கதான்."

அதில் ஆணி அடிக்க வேண்டாமா என்று தாண்டவராயன் கேட்டார். ஆசாரி உட்கார வைக்கத்தான் சொன்னார், அடிக்கச் சொல்லவில்லை என்று பதில் வந்தது. பலகை உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்தவரை அடிப்பது முறையில்லை.

வியாழக்கிழமை கடைசி உத்தரவு. "ரசமட்டம் வச்சுப் பாத்துட்டு, கதவப் போட்டு அடைச்சிருங்க. முடிஞ்சுது சோலி."

"ரசம் வைக்கச் சொல்றாரு" என்றார் உலகப்பன், முதல் தடவையாக மலர்ந்த முகத்தோடு.

"வெறும் ரசம் இல்ல. மட்டமான ரசம்" என்று மாசிலாமணி திருத்தினார்.

அது தாண்டவராயனுக்குச் சிரமமே இல்லை. அவர் வைத்தால் வேறு மாதிரி வராது. புளிதான் இல்லை, பானையில் இருந்த புளியெல்லாம் பலகையில் இருந்தது. கதவுப் பலகையை ஒரு வாளித் தண்ணீரில் கழுவி, அந்தத் தண்ணீரில் ரசத்தைக் கூட்டினார்கள். உலகப்பன் ஒரு கரண்டி குடித்துப் பார்த்து, மட்டம் சரியாக இருக்கிறது என்று சான்று சொன்னார். சட்டியை அலமாரியின் உச்சியில் ஏற்றி வைத்துவிட்டு ஆசாரிக்குச் சொன்னார்கள்.

"குமிழி நடுவுல நிக்குதா?" என்று, மட்டம் பார்க்கிற கருவியின் கண்ணாடிக் குழாயை மனதில் வைத்து ஆசாரி கேட்டார்.

மூவரும் ஸ்டூலில் ஏறி எட்டிப் பார்த்தார்கள். ரசத்தின் நட்ட நடுவில் ஒரே ஒரு குமிழி நின்றது.

"நிக்குதுங்க!"

"எனக்குக்கூட அவ்வளவு சீக்கிரம் அமையாது" என்று ஆசாரி மனசாரச் சொன்னார். போனை வைத்ததும் ரசத்தைக் குடித்து, சட்டியைக் கழுவி அடுப்படியில் கவிழ்த்து வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. பொழுது ஏறுவதற்குள் வீடு முழுக்கத் தேடி, அரிசிப் பானையிலிருந்தும் உளுந்து டப்பாவிலிருந்தும் தலையணைக்கடியிலிருந்தும் சாமான்களைப் பொறுக்கினார்கள். எல்லாவற்றையும் சாக்கில் கட்டி அலமாரிக்குள் இறக்கினார்கள். பட்டறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த பேர் தெரியாத கட்டையும் உள்ளே போனது.  வாழ்க்கையில் முதல்முறையாகத் தாண்டவராயன் வீட்டில் தரை தெரிந்தது. இன்னும் கதவை அடைப்பது ஒன்றுதான் பாக்கி.

பூட்டுப் போடலாம் என்றால் பூட்டு வெளியே தொங்கும். பூட்டு சாமானா இல்லையா? சாமான்தான். அதுவும் உள்ளே போடப்பட்டது. எனவே ஆணி அடித்துத்தான் கதவை அடைக்க வேண்டும்.

"ஆணி அடிக்கச் சுத்தி வேணும்" என்றார் மாசிலாமணி. "சுத்தியும் சாமான். அது உள்ள இருக்கணும்."

"அடிச்சிட்டு உள்ள வச்சிரலாம்."

"அடிச்சப்பறம் கதவு தொறக்காதே, எப்படி வைப்பீங்க?"

"அப்ப உள்ள வச்சிட்டு அடிச்சிரலாம்."

"எதால அடிப்பீங்க?"

பள்ளிக்கூடத்தில் மணி பத்து அடித்தது. பதினொன்றுக்கு பஸ். தாண்டவராயன் நெற்றியில் அடித்துக்கொண்டார். எல்லாம் கூடி வந்து ஒரு சுத்தியில் கவிழப்போகிறது. அவள் வாசலோடு திரும்பிவிடுவாள். மறுபடியும் அந்த வெறிச்சோடிய வீடு. 

உலகப்பன் மெதுவாகக் கேட்டார். "சுத்தி உள்ள இருக்கணும்னா, அடிக்கிற ஆளும் உள்ள இருந்தே அடிச்சா என்ன?"

மாசிலாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சகலை, நீங்க மாவு மில்லுல இருக்க வேண்டிய ஆளே இல்ல" என்றார்.

தாண்டவராயன் ஒரு நிமிஷமும் தயங்கவில்லை. சுத்தியோடும் ஒரு கை ஆணியோடும் உள்ளே போய்ச் சாக்கின் மேல் உட்கார்ந்தார். மற்ற இருவரும் கதவுப் பலகையை வெளியிலிருந்து அழுத்திப் பிடித்தார்கள். உள்ளிருந்து அடி விழுந்தது. ஆணி முனைகள் வெளியே எட்டிப் பார்த்தன. பாதி ஆணி உள்ளேதானே இருக்கிறது, மதினி மன்னிப்பாள் என்று விட்டுவிட்டார்கள்.

ஏழாவது அடிக்கு அலமாரியின் பின்னால் 'டமார்' என்று ஏதோ விழுந்தது. உலகப்பன் சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டு, ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சகலை, ஒரு பலகை மிச்சம்!"

"ஆறு பலகையில வேலைய முடிச்சு ஒண்ணு மிச்சமும் பிடிச்சிருக்கோமா?" என்று மாசிலாமணிக்குப் பெருமை தாங்கவில்லை. அதைப் பத்திரமாகச் சுவரில் சாய்த்து வைத்தார்கள்.

"உள்ள எப்படி இருக்கு சகலை?" என்று கேட்டார்கள்.

"நல்ல காத்தோட்டமா இருக்கு" என்றார் தாண்டவராயன் உள்ளிருந்து. "இப்பத்தான் திடீர்னு முதுகுல சிலுசிலுன்னு காத்து வருது. மரம்னா மரம்தான்."

தெருமுனையில் பஸ் வந்து நின்றது. திரும்பிப் போகக் கால்மணி நேரம் அங்கேயே நிற்கும். பவளக்கொடி இன்னும் லேசாக நொண்டிக்கொண்டுதான் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள். கூடத்தைக் கடந்து, அடுப்படியைக் கடந்து, பின்கட்டு வழியாகப் பட்டறைக்கு வருகிற அவள் காலடிச் சத்தத்தைத் தாண்டவராயன் அலமாரிக்குள்ளிருந்து கேட்டார். பன்னிரண்டு வருஷமாக நின்று நின்று, பார்த்துப் பார்த்து வைத்த கால். இன்றைக்கு எங்கேயும் தயங்காமல் வந்தது. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஒரு சாமானாவது வெளிய இருக்கா மதினி? பாத்துச் சொல்லுங்க" என்றார் மாசிலாமணி.

பவளக்கொடி சுற்றிலும் பார்த்தாள். "இல்ல. நெசமாவே இல்ல." அவள் குரலில் ஆச்சரியம் இருந்தது. "அவரு எங்க?"

இரண்டு சகலைகளும் அலமாரியைப் பார்த்தார்கள்.

"இங்கதான் இருக்கேன் பவளம்!" என்றது அலமாரி.

பவளக்கொடி நெஞ்சில் கை வைத்தாள். "உள்ள என்ன பண்றீங்க? வெளிய வாங்க!"

"வரமாட்டேன். நான் வந்தாச் சுத்தியும் வெளிய வரும். நீ பஸ் ஏறிருவ. ஆறு நாளா இந்த வீட்ல என்னால இருக்க முடியல பவளம். நான் இதுக்குள்ளயே இருந்துக்கறேன். நீ வீட்ல இரு, அது போதும்."

பவளக்கொடி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, வெளியூர்க்காரி என்பதால், அலமாரியைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்த்தாள்.

பின்பக்கம் பலகையே இல்லை. தாண்டவராயன் அவளுக்கு முதுகைக் காட்டியபடி, மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு, சுத்தியைக் கட்டிப்பிடித்தவாறு சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். அவள் தோளைத் தொட்டாள்.

அவர் திரும்பிப் பார்த்துத் திகைத்துப்போனார். "பவளம்! நீ எப்படி உள்ள வந்த? கதவு அடிச்சபடியே இருக்கே!"

அவள் அவர் காதைப் பிடித்து வெளியே இழுத்து, முன்பக்கம் கொண்டுவந்து நிறுத்தினாள். கையில் சுத்தியோடு வெளிச்சத்தில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்றார் தாண்டவராயன்.

மாசிலாமணி அவரைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார்.

"கதவு தொறக்கல" என்றார் மெதுவாக. "ஒரு ஆணிகூட அசையல. அப்ப சகலை இன்னும் உள்ளதான் இருக்காரு."

"நான் இங்க நிக்கிறேனே?" என்றார் தாண்டவராயன்.

"நிக்கிறீங்க. அத யாரும் மறுக்கல. ஆனா உள்ள போனவரு கதவு தொறக்காம எப்படி வெளிய வருவாரு? நீங்களே சொல்லுங்க."

தாண்டவராயன் யோசித்துப் பார்த்தார். ஆணியெல்லாம் அவரே அடித்தவை. எவ்வளவு பலமாக அடித்தார் என்பது அவருக்குத் தெரியும். "வர முடியாதுதான்" என்று ஒப்புக்கொண்டார்.

உலகப்பன் கதவைத் தட்டினார். "சகலை! உள்ள இருக்கீங்களா?"

பதில் இல்லை. இன்னும் பலமாகத் தட்டினார். அப்போதும் பதில் இல்லை.

"ஐயையோ, இப்பத்தான பேசினாரு!" என்று உலகப்பன் பதறினார். தாண்டவராயனுக்கும் பகீரென்றது. "காலையிலேருந்து அவரு ஒண்ணும் சாப்பிடலையே" என்று கையைப் பிசைந்தார். பிசைகிறபோதுதான் கையில் சுத்தி இருப்பதைப் பார்த்தார். பவளக்கொடியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் இன்னும் பை இருந்தது. தெருமுனையில் பஸ் ஒரு முறை ஹாரன் அடித்தது.

தாண்டவராயன் ஓடினார். சுத்தியோடு அலமாரியைச் சுற்றி ஓடிப் பின்பக்கமாக உள்ளே புகுந்து, சாக்கின் மேல் உட்கார்ந்து, மூச்சு வாங்கியபடி கதவை உள்ளிருந்து தட்டினார்.

"இருக்கேன் சகலை! நல்லாத்தான் இருக்கேன்!"

"அப்பாடா!" என்று மாசிலாமணியும் உலகப்பனும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

பஸ் இரண்டாம் முறை ஹாரன் அடித்தது. பவளக்கொடி தெருப்பக்கம் ஒரு தடவை பார்த்தாள், அலமாரியை ஒரு தடவை பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். பஸ் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. அவள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, "சரி, பசியோட இருப்பீங்க. எத்தனை இலை போட?" என்று கேட்டாள்.

மாசிலாமணி விரல் விட்டு எண்ணினார். "நாங்க ரெண்டு பேரு. நீங்க ஒண்ணு. உள்ள இருக்கிற சகலைக்கு ஒண்ணு. இவ்வளவு நேரம் வெளிய நின்னாரே, அந்தச் சகலைக்கு ஒண்ணு. மொத்தம் அஞ்சு இலை மதினி."

அலமாரிக்குள்ளிருந்து தாண்டவராயனின் குரல் கேட்டது.

"வெளிய நின்னவருக்கு மொதல்ல போடு பவளம். பாவம், நீ போயிருவியோன்னு அவரு ரொம்ப பயந்துட்டாரு. நான் அப்பறமாச் சாப்பிட்டுக்கறேன்."